பால்மா டின்னில் இருக்கும் எண்ணெய் பிள்ளையின் வயிற்றில் என்ன செய்கிறது?

கேள்வி: மகனுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. பால் காணாது என்று இப்போது இரவில் பால்மாவும் கொடுக்கிறேன். அதற்குப் பிறகு மலம் இறுகி, முக்கி முக்கித்தான் போகிறான். டின்னில் 'பாம் ஒலின்' என்று போட்டிருக்கிறது. கட்டாரில் இருக்கும் கணவர், வேறு மாதிரிக் கொழுப்புப் போட்ட விலை கூடின டின் ஒன்று நல்ல பக்டீரியாவை வளர்க்குமாம், அனுப்பவா என்று கேட்கிறார். மாமி தேங்காய் எண்ணெய் கொஞ்சம் வாயில் விடச் சொல்கிறா. எதைச் செய்ய? - ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, முதலில் எண்ணெய் வாயில் விடுவதை விட்டுவிடுங்கள். மாமி அன்பில்தான் சொல்கிறா, ஆனால் இந்த வயதில் எண்ணெய் புரையேறி நுரையீரலுக்குப் போனால் நியூமோனியா வரும்.

இனி டின் விஷயம். தாய்ப்பாலிலும் பால்மாவிலும் பிள்ளைக்குக் கிடைக்கும் சக்தியில் பாதியளவு கொழுப்பிலிருந்துதான் வருகிறது. பாம் ஒலின் என்பது பாம் எண்ணெயின் திரவப் பகுதி. அதில் நிறைய இருக்கும் பால்மிடிக் அமிலம் தாய்ப்பாலிலும் உண்டு, அதிலுள்ள கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய கால்வாசி அதுதான், ஆகவே அது நஞ்சு ஒன்றுமில்லை. வித்தியாசம் அது ஒட்டியிருக்கும் இடத்தில். ஒரு கொழுப்பு மூலக்கூறில் மூன்று இடங்களில் அமிலங்கள் ஒட்டியிருக்கும். தாய்ப்பாலில் பால்மிடிக் பெரும்பாலும் நடு இடத்தில், பாம் எண்ணெயில் இரண்டு ஓரங்களில். குடலில் சுரக்கும் நொதியம் ஓரங்களைத்தான் வெட்டும். நடுவில் இருப்பது அப்படியே உறிஞ்சப்பட்டுவிடும், ஓரத்தில் இருந்தது தனியாகக் கழன்று பாலிலுள்ள கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சவர்க்காரமாக மாறிவிடும். உங்கள் பக்கத்துச் சவர்க் கிணற்றுத் தண்ணீரில் உடுப்புத் தோய்க்கும்போது நுரை வராமல் வெள்ளையாகத் திரண்டு வாளியில் ஒட்டுகிறதே, அதே இரசாயனம்தான். மலம் இறுகுவதற்கு இது ஒரு காரணம், கொஞ்சம் கல்சியமும் கொழுப்பும் அதோடு வீணாகிப் போகும்.

கணவர் சொல்லும் டின்னில் பால்மிடிக் நடு இடத்துக்கு மாற்றப்பட்டிருக்கும், 'எஸ்என்-2' என்று போட்டிருப்பார்கள். அதில் மலம் இளகுகிறது என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. கணவர் சொல்லும் நல்ல பக்டீரியா, அதாவது பிஃபிடோபக்டீரியா, கூடுகிறது என்பதைச் சில ஆய்வுகள் காட்டுகின்றன, சிலவற்றில் பெரிய வித்தியாசமே இல்லை. அதற்காக அவர் வெயிலில் உழைத்த காசைக் கொட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஏனென்றால் பிஃபிடோபக்டீரியாவை உண்மையில் வளர்ப்பது கொழுப்பு அல்ல, தாய்ப்பாலிலுள்ள ஒருவகைச் சர்க்கரைகள். லக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்து அந்தப் பாலில் அதிகம் இருப்பது அவைதான், பிள்ளையால் அவற்றைச் செரிக்கவே முடியாது, குடலில் இருக்கும் அந்தப் பக்டீரியாவுக்கென்றே போய்ச்சேருகின்றன. அது அவற்றைத் தின்று அமிலம் சுரக்க, கெட்ட கிருமிகளுக்கு அங்கே இடம் குறைகிறது. தாய்ப்பால் கொழுப்புக்கும் பங்கு உண்டு: கொழுப்பு உடையும்போது வரும் சில அமிலங்கள் கிருமிகளைத் தாக்கும், கொழுப்புத் துளியைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வும் குடலுக்கு நல்லது. மாவுக்கு ஆடை நீக்கிய பாலும் தாவர எண்ணெயும் கலக்கும்போது அந்தச் சவ்வு பெரும்பாலும் போய்விடுகிறது.

அதனால் நான் கேட்பது இதைத்தான்: இரவில் முதலில் நீங்கள் பால் கொடுங்கள். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும், இரவுப் பாலை நிறுத்தினால் பகலிலும் குறையும். உண்மையில் பால் காணாதா என்பதை கிளினிக் கொப்பியிலுள்ள நிறைக்கோட்டைப் பார்த்து மிட்வைஃபோடு முடிவு செய்யுங்கள், அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். மாவு கரைக்கும்போது முதலில் தண்ணீர் அளந்து, பிறகு கரண்டியைத் தட்டையாக வழித்துப் போடுங்கள். கூம்பாகப் போட்டால் பால் தடித்து மலம் இன்னும் இறுகும். மலத்தில் இரத்தம், பச்சை வாந்தி, வயிறு உப்புதல், நிறைக்கோடு படுத்தல், இதில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியரிடம் போங்கள்.

கேள்வி: பேரப்பிள்ளையின் பால்மாவில் 'நல்ல பக்டீரியா சேர்த்தது' என்று இருக்கிறது. கொதித்த தண்ணியில் கரைத்தால் அது செத்துப்போகாதா? - ஒரு மூத்தம்மா, அக்கரைப்பற்று

பதில்: பெரும்பாலும் செத்துப்போகும்தான் மூத்தம்மா, போனால் போகட்டும். பால்மா கிருமி நீக்கிய பொருள் அல்ல, அரிதாக அதில் இருக்கும் ஒரு கிருமி பச்சைக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சலே கொண்டுவரும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007இல் தந்த வழிகாட்டலில் 70 பாகைக்குக் குறையாத தண்ணீரில் கரைக்கச் சொல்கிறது. கொதிக்க வைத்து அரை மணித்தியாலத்துக்குள் கரையுங்கள், பிறகு போத்தலைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆறவிட்டு, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் குடிக்காமல் மிஞ்சினால் ஊற்றிவிடுங்கள்.