ஒன்லைன் சிபிஆர் சான்றிதழை ஏற்க மாட்டார்களாம்

சகோதரி, வெள்ளவத்தையில் பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பு வேலைக்குப் போனபோது, வீடியோ பார்த்து எடுத்த சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமத்திச் செய்யும் முதலுதவி) சான்றிதழைத் திருப்பித் தந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கோபம் வரும்தான். ஆனாலும் அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பேன். பயிற்சிப் பொம்மையின் நெஞ்சை 5 சென்றிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமத்திப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும். அது வீடியோவில் தெரியாது. நானும் முதல் நாள் முழங்கையை மடக்கி மடக்கிப் பேச்சு வாங்கினேன்.

இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் சென்ட் ஜோன் அம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி கொடுக்கின்றன. காசு கட்டமுன் கேளுங்கள்: தமிழில் நடக்குமா, கைக்குழந்தைக்குச் செய்யும் முறையும் உண்டா? உங்கள் வேலைக்கு இரண்டாவதுதான் முக்கியம். கைக்குழந்தைக்கு ஆழம் சுமார் 4 சென்றிமீற்றர்தான், கை வைக்கும் விதமும் வேறு.

எந்த அமைப்பின் சான்றிதழ் வேண்டும் என்று வேலை தருபவரிடம் முதலே கேட்டு வையுங்கள். அமெரிக்க இதயச் சங்கத்தின் அட்டை என்றால் 2 வருடம்தான் செல்லும்.

சரி, வகுப்புக் கிடைக்கும்வரை 1990 ஐப் போனில் பதிந்து வையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம்.