பார்த்துச் செய்தால் காப்பியா?

கேள்வி: என் மகள் லினோ ஷீட்டில் (உளியால் தோண்டக்கூடிய மெத்தென்ற விரிப்பு) செதுக்கி, மை உருட்டித் தாளில் பிரிண்ட் எடுக்கிறாள். எல்லாமே லால்பாக்கில் பொறுக்கி வந்த இலை, விதை, இல்லையென்றால் சோமேஸ்வரர் கோயில் தூண் சிற்பம். இருப்பதைப் பார்த்துக் காப்பி அடிப்பதில் என்ன கலை? அதையும் இருபது பிரதி போட்டு ஒவ்வொன்றுக்கும் விலை வைக்கிறாள். நியாயமா?
- ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: அவள் செதுக்கும்போது ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்களா? பென்சிலில் வரைந்தால் அழித்துத் திருத்தலாம். லினோவில் உளி தோண்டிய இடத்தில் மை ஒட்டாது, அது வெள்ளையாகவே நிற்கும், தோண்டியதை நிரப்பவும் முடியாது. ஆகவே ஓர் அரச இலையை எடுத்துக்கொண்டால், நரம்பைத் தோண்டி வெள்ளைக் கோடாக்குவதா, சுற்றிலும் தோண்டி நரம்பைக் கறுப்பாக நிறுத்துவதா, எத்தனை நரம்பை விட்டுவிடுவது, அந்த நீண்ட நுனி எந்தப் பக்கம் வளைவது (அச்சில் இடம் வலமாகிவிடும்) என்று எல்லாவற்றையும் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். இதில் ஒன்றைக்கூட இலை சொல்லித் தராது. கோயில் சிற்பிகளும் தாமரையையும் கொடியையும் பார்த்துத்தானே கல்லில் கொண்டுவந்தார்கள்?

கிருஷ்ணா ரெட்டி என்று ஓர் அச்சுக் கலைஞர். 1925இல் பிறந்தவர், சாந்திநிகேதனில் படித்தார், சென்னை கலாக்ஷேத்ராவில் சொல்லிக்கொடுத்தார், அப்புறம் பாரிஸ் போய் ஹேட்டர் என்ற அச்சுக் கலைஞர் நடத்திய ‘அட்லியே 17’ பட்டறையில் வேலை செய்தார். மீன், பூச்சி, அலை, நீர்ச்சுழி என்று அவர் எடுத்துக்கொண்டதெல்லாம் எல்லோரும் பார்த்தவைதான். சிற்பியும் என்பதால் உலோகத் தகட்டைப் பல ஆழங்களில் குடைந்தார். எண்ணெயைக் கூட்டியும் குறைத்தும் மை குழைத்து, கெட்டி ரோலரால் மேட்டிலும் மெத்தென்ற ரோலரால் பள்ளத்திலும் உருட்டினால், ஒரு நிறம் இன்னொன்றை ஒட்டவிடாமல் தள்ளும், ஒரே தகட்டிலிருந்து ஒரே அழுத்தில் அத்தனை நிறமும் தாளுக்கு வந்துவிடும். அங்கே சக கலைஞர்களோடு சேர்ந்து அவர் உருவாக்கிய இந்த முறையை இன்று பல நாடுகளில் கற்கிறார்கள். அவரையும் தண்ணீரைக் காப்பி அடித்தவர் என்பீர்களா?

விலைக்கு வருவோம். இது ஜெராக்ஸ் இல்லை. ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக மை உருட்டி, தாளைப் பொருத்தி, அழுத்தி எடுக்க வேண்டும், ஓரம் மங்கினால் அந்தத் தாள் குப்பைக்கு. கீழே பென்சிலில் 3/20 என்று போட்டிருந்தால் இருபதில் இது மூன்றாவது, இருபதோடு நிறுத்திக்கொள்வேன் என்று வாங்குகிறவருக்கு அவள் கொடுக்கும் வாக்கு அது. விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரண்மனைச் சாலை தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கு அவளைக் கூட்டிப் போங்கள், அவள் ஒரு படத்தின் முன் நின்று நோட்டில் வரைய ஆரம்பித்தால் கிளம்பச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்.