பழைய குழாய் கிராமபோனுக்கு ஒரிஜினல் பாகங்கள் மதுரைப் பக்கம் கிடைக்குமா?

உசிலம்பட்டியில் தாத்தா வீட்டுப் பரணில் இருந்து இறக்கிய குழாய் வைத்த எச்.எம்.வி. பெட்டி, சவுண்ட் பாக்ஸ் (ஊசி மாட்டும், ஒலி எழுப்பும் வட்டத் தலை) காணோம், சாவி கொடுத்தால் பிடிக்காமல் வெறுமனே சுற்றுகிறது, எல்லாப் பாகமும் ஒரிஜினலாகவே வேண்டும். உங்கள் கேள்வி இதுதானே? கடைசி நிபந்தனையை மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் நடக்கிற காரியம்.

சவுண்ட் பாக்ஸ், அதைத் தாங்கிக் குழாய்க்கு ஒலி கொண்டுபோகும் டோன் ஆர்ம், மோட்டார், குழாய் இந்த நான்கும் அந்தக் காலத்துப் பொருளாகவே இருக்க வேண்டும். பெட்டியின் குரலும் விலையும் இவற்றில்தான் இருக்கின்றன. ஸ்பிரிங், ரப்பர், பிரேக் கம்பளி, கிரீஸ், ஊசி எல்லாம் தேய்ந்து தீர்வதற்கென்றே செய்தவை. எண்பது வருடப் பழைய ரப்பரைத் தேடிப் பிடித்துப் போடுவதில் என்ன பெருமை? அது கல்லாக இறுகிக் கிடக்கும், பாட்டும் கரகரக்கும்.

முதலில் உங்கள் பெட்டி எது என்று தெரிய வேண்டும். பெட்டியின் பக்கவாட்டிலோ மோட்டார் பலகையிலோ சின்னத் தகடு இருக்கும். அதில் 'கிராமபோன் அண்ட் டைப்ரைட்டர்' என்று இருந்தால் 1900க்கும் 1907க்கும் இடைப்பட்ட சரக்கு. எச்.எம்.வி. பெட்டி செய்த கம்பெனி அந்தப் பெயரில் இருந்ததே அவ்வளவு காலம்தான். அப்படி இருந்தால் யாரிடமும் கொடுக்காமல் நிதானமாக இருங்கள், உண்மையிலேயே அரிய பொருள். சூட்கேஸ் மாதிரி மடக்கும் 101, 102 மாடல்கள் இந்தப் பக்கம் நிறைய வீடுகளில் உண்டு. 102 மாடல் 1931இல் வந்து 1950கள் வரை ஓடியது. அதன் பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் குழாய்ப் பெட்டிக்குப் பொருந்தாது. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாண்ணே, மாட்டிக்கலாம்" என்பார். மாட்டவும் மாட்டுவார்!

கிளம்பும் முன் டோன் ஆர்மின் முனை விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அளவு இல்லாமல் போனால் கடைக்காரர் காட்டுவதுதான் ஒரிஜினல்.

எங்கே தேடுவது? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள்தான் நமக்குப் பக்கம். ரங்கூன், பினாங்கு என்று போய் வந்தவர்களின் வீட்டுச் சாமான்கள் வந்து சேர்ந்த தெரு. முன்னால் பளபளவென்று நிற்கும் பித்தளைக் குழாய்க்காரரை விட்டுவிடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை புதுக் குழாயும் புதுப் பெட்டியும் எங்கேயோ கழற்றிய மோட்டாரும் சேர்ந்த ஒட்டு. "பின்னாடி உடைஞ்சு கிடக்கிறதைக் காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். செல்லரித்த பெட்டி, ஓடாத மோட்டார், மூடி இல்லாத போர்ட்டபிள் என்று குவியல் வரும். உங்களுக்கு வேண்டியது அதில்தான் இருக்கும், விலையும் படியும்.

இன்னொரு இடத்தைப் பலர் யோசிப்பதே இல்லை: பழைய ரேடியோ செட்டுக்காரர்கள். திருமங்கலம், மேலூர், சோழவந்தான் சுற்றுவட்டாரத்தில் கல்யாணத்துக்கும் கொடைக்கும் கூம்புக் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர்களில் பலர் சாவி கொடுக்கும் மோட்டாரில்தான் தட்டைச் சுற்றவிட்டார்கள். ஊரில் கரண்ட் இல்லாத காலம். அந்தக் குடும்பங்களில் மாட்டுக்கொட்டகை மேலே மோட்டார் துருப்பிடித்துக் கிடக்கும். காயலான் கடைக்குப் போவதற்கு முன் போய்க் கேளுங்கள். சவுண்ட் பாக்ஸ் கிடைக்காது, ஏனென்றால் தட்டைச் சுற்ற மட்டும்தான் சாவி, ஒலியை எடுக்க அவர்கள் பேட்டரியில் ஓடும் செட்டோடு எலெக்ட்ரிக் பிக்கப் வைத்திருப்பார்கள். ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், பல்சக்கரம், சுழல்தட்டு கிடைக்க வாய்ப்பு உண்டு.

குழாய் மாடலில் பெரும்பாலும் 'எக்ஸிபிஷன்' சவுண்ட் பாக்ஸ் இருக்கும். அதில் நடுவில் இருக்கும் தகடு அபிரகம் (மைக்கா). புதிதாக அச்சடித்த போலிகள் நிறைய உலவுகின்றன. நல்லதில் எழுத்து கூர்மையாக வெட்டப்பட்டிருக்கும், கையில் எடுத்தால் கனம் தெரியும். போலி லேசாக இருக்கும், எழுத்து மழுங்கிக் கிடக்கும். அபிரகத் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளை மேகம் போலப் படர்ந்திருந்தால் ஏடு ஏடாகப் பிரிய ஆரம்பித்துவிட்டது, பாடும்போது அதிரும். தகட்டை மட்டும் மாற்றலாம், கூடு நன்றாக இருந்தால் போதும். பிற்காலத்து 5ஏ போன்ற சவுண்ட் பாக்ஸ்களை வாங்கினால் பின்பக்க வார்ப்பைக் கவனியுங்கள். துத்தநாகக் கலவை உப்பி, மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும். அதற்கு வைத்தியம் கிடையாது.

தகட்டின் இரண்டு பக்கமும் அணைக்கும் ரப்பருக்குச் சைக்கிள் கடை வால்வ் டியூப் போதும். அளவாக வெட்டி, நுனிகள் முட்டும்படி வைத்தால் குரல் தெளியும். சில ரூபாய்ச் செலவு.

அடுத்து ஸ்பிரிங். சாவி பிடிக்கவில்லை என்றால் அது அறுந்திருக்கலாம், அல்லது உள்முனைத் துளை கிழிந்து நடுத்தண்டின் கொக்கியை விட்டிருக்கலாம். இரண்டாவது என்றால் புது ஸ்பிரிங்கே வேண்டாம். அந்த முனையை மட்டும் சிவக்கக் காய்ச்சி, தானாக ஆறவிட்டு, புதிதாகத் துளை போட்டு, பிசிறு அராவிவிட்டால் சில சென்டிமீட்டர்தான் குறையும். சிம்மக்கல் வொர்க்‌ஷாப் ரோடு பக்கம் கைத்திறன் உள்ள பட்டறைக்காரர் யாரும் செய்துவிடுவார். தண்ணீரில் மட்டும் முக்கச் சொல்லாதீர்கள், முனை கண்ணாடி மாதிரி உடையும். நடுவில் அறுந்திருந்தால் புதிதுதான். அகலம், கனம், நீளம், இரு முனைகளின் வடிவம் என்று நான்கையும் சொல்லி இங்கிலாந்து வியாபாரிகளிடம் தபாலில் வரவழைக்கலாம். சுங்கத் தீர்வை தனியாக வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங் சுருண்டிருக்கும் டிரம்மைத் திறக்கும் முன் முறுக்கு முழுக்க இறங்கிவிட்டதா என்று பாருங்கள். மிச்ச முறுக்கோடு மூடியைக் கழற்றினால் உள்ளிருப்பது சீறி வந்து கையைக் கிழிக்கும். முறுக்கு இறங்கியதாலேயே அது சாது ஆகிவிடாது, டிரம்முக்குள் அழுத்தித்தான் சுருண்டிருக்கும். கனமான தோல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். உள்ளே தார் மாதிரி இறுகிய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, கிராபைட் கிரீஸ் போடுங்கள்.

வேகத்துக்குத் தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு செருகி எண்ணினால் போதும். பாட்டு ஓடும்போதே 30 நொடிக்கு 39 சுற்று வந்தால் 78 சரி. கூடினாலோ குறைந்தாலோ கவர்னர் திருகைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. இசைத்தட்டின் அரக்குக் கலவையே ஊசியைத் தேய்க்கும்படி செய்தது. அதே ஊசியை மறுபடி போட்டால் அடுத்த தட்டை அது தின்றுவிடும்.

பெட்டி மரத்துக்கு வார்னிஷ் அடிக்கிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். நாய்ப் படம் ஒட்டியிருக்கும் இடத்தில் தின்னர் பட்டால் படம் கரைந்து போகும், அதற்கு ஒரிஜினல் எங்கே தேடியும் கிடைக்காது. ஈரம் பிழிந்த பருத்தித் துணி, அது காய்ந்ததும் கொஞ்சம் மெழுகு, அவ்வளவு போதும்.