கடவுச்சொல் கேட்காமலே நின்றுவிடும் மடிக்கணினி

கேள்வி: என் மடிக்கணினியில் உபுண்டு இயங்குதளத்தை நிறுவி, வட்டு முழுவதையும் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்து மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். சென்ற வாரம் அப்டேட் நடந்தபோது ஏதோ பிழைச்செய்தி வந்தது. அதைப் படிக்காமல் கணினியை அணைத்துவிட்டேன். மறுநாள் வட்டின் கடவுச்சொல்லையே கேட்காமல், ‘கெர்னல் பானிக்’ என்றும் ‘அன்நோன் பிளாக் (0,0)’ என்றும் காட்டித் திரை உறைந்துவிட்டது. ஃபார்மட் செய்தே ஆகவேண்டும் என்கிறார் கடைக்காரர். என் ஆய்வேடு முழுவதும் அதில்தான் இருக்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: ஃபார்மட் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

கடவுச்சொல் கேட்கவில்லை என்று நீங்கள் குறிப்பிட்டதுதான் முக்கியமான தடயம். அந்தக் கேள்வியைக் கேட்பது கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் மையநிரல் அன்று. கெர்னலோடு சேர்ந்து நினைவகத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறிய தொடக்கக் கோப்புத் தொகுதியே வட்டைத் திறந்து கொடுக்கிறது. அது இல்லாதபோது, வட்டு எங்கே என்று தெரியாத கெர்னல் (0,0) என்று காட்டி நின்றுவிடுகிறது. மறையாக்கம் செய்த உபுண்டுவில், கணினியைத் தொடங்குவதற்கான கோப்புகள் இருக்கும் ‘பூட்’ அடைவுக்குத் தனிப் பகுதி ஒதுக்கப்படுகிறது. பழைய கெர்னல்கள் சேரச் சேர அந்தச் சிறிய இடம் நிரம்பிவிடும். புதிய கெர்னலுக்கான தொடக்கத் தொகுதியை எழுத இடம் இருக்காது. நீங்கள் படிக்காமல் விட்ட செய்தியும் அநேகமாக இதைத்தான் சொல்லியிருக்கும்.

எந்தக் கெர்னலைக் கொண்டு தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் தொடக்கப் பட்டியலை வரவழைக்க, கணினியை இயக்கியதும் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள். பயாஸ் என்ற தொடக்க மென்பொருளுள்ள பழைய கணினியானால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். எஸ்கேப்பைப் பதற்றத்தில் பலமுறை தட்டினால் ‘கிரப்’ என்ற வெற்று வரி வரும்; அப்போது ‘நார்மல்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்டரை அழுத்தலாம். பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதிக்குள் சென்று, முந்தைய எண்ணுள்ள கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல் கேட்கப்பட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று கொள்ளாமல், முதல் வேலையாக ஆய்வேட்டை வெளி வட்டு ஒன்றில் படியெடுத்துவிடுங்கள்.

பிறகு கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான முனையத்தில் ‘டிஎஃப்’ கட்டளையால் பூட் பகுதி நிரம்பியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ கட்டளையால் பழைய கெர்னல்களை நீக்குங்கள். அது பிழை காட்டி மறுத்தால், மிகப் பழைய கெர்னலுக்குரிய தொடக்கத் தொகுதியான ‘இனிட்ஆர்டி’ கோப்பு ஒன்றை மட்டும் ஹோம் அடைவுக்கு நகர்த்தி இடம் உண்டாக்கலாம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் கோப்பை மட்டும் தொடவே கூடாது. அது எது என்பதை ‘யூநேம்’ கட்டளையை ஆர் குறியுடன் இட்டு அறியலாம். இடம் கிடைத்தபின், ‘டிபிகேஜி’ கட்டளையை ‘கான்ஃபிகர்’, ‘ஏ’ குறிகளுடன் இட்டால் பாதியில் நின்ற நிறுவல் முடிவடைந்து, விடுபட்ட தொகுதியும் உருவாகும். இறுதியில் ‘அப்டேட்-கிரப்’ கட்டளையையும் இட்டுவிடுங்கள். புதிய தொகுதி இருக்குமிடம் தொடக்கப் பட்டியலில் பதிவாகாவிட்டால் அதே பிழைதான் மீண்டும் வரும்.

பழைய கெர்னலும் இயங்காவிட்டால், வட்டில் நிறுவாமலே இயங்கும் உபுண்டு லைவ் யுஎஸ்பி மூலம் கணினியை இயக்கி, கோப்பு மேலாளரில் வட்டைச் சொடுக்கி, அதே கடவுச்சொல்லைக் கொடுத்து ஆய்வேட்டை எடுத்துக்கொள்ளலாம். கடவுச்சொல் உங்களிடம் மட்டுமே இருப்பதால், இதைக் கடைக்காரரிடம் விடாமல் நீங்களே செய்வது நல்லது.