“வீட்ல எல்லாம் நல்லாதான் இருக்கு” என்பவரிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். குடும்பத்தைப் பற்றிக் கேட்டாலே “நல்லாதான் இருக்கு மேடம்” என்று முடித்துவிடுகிறார்கள். மேற்கொண்டு எப்படிப் பேசுவது?

பதில்: “வீட்ல உறவு எப்படி?” என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். கருத்தை விட்டுவிட்டு நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக நடந்த சண்டையில் முதலில் குரல் உயர்த்தியது யார், சாப்பிடாமல் படுத்தது யார், மறுநாள் யார் மூலமாகப் பேச்சு திரும்ப வந்தது? சம்பளம் யார் கைக்குப் போகிறது? காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலில் உள்ள குடும்பம் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைத் தனியாகக் கேளுங்கள். வருமானம் நின்று ஆண்கள் வீட்டிலேயே இருக்கும்போது யார் சொல் எடுபடுகிறது என்பது வெளியே வரும்.

ஓரளவு பழகிய பிறகு, அவர் சம்மதத்தோடு மூன்று தலைமுறைக்கு ஜீனோகிராம் வரையுங்கள்; குடும்பத்தில் யார் யார், அவர்களுக்குள் உறவு எப்படி என்பதைக் குறிகளால் காட்டும் வரைபடம் அது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குப் பெருக்கல் குறி, ஓயாத சண்டைக்கு நெளிகோடு. பென்சில் அவர் கையில் இருக்கட்டும். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் ரேஷன் கார்டு விண்ணப்பம் போல ஆகிவிடும். யார் பெயரில் அவர் தயங்குகிறாரோ அங்கே நின்றுவிடுங்கள்.

சொந்தத்தில் கல்யாணம் என்றால் கணவன் மனைவியை இணைக்கும் கோட்டை இரட்டையாகப் போட வேண்டும். அதை வரையும்போதே பல விஷயம் புரியும். தாய்மாமனைக் கட்டியவருக்குப் பாட்டிதான் மாமியார். கணவரைக் குறை சொன்னால் அம்மாவின் தம்பியைக் குறை சொன்னதாகிறது. கோபித்துக்கொண்டு போனாலும் அம்மா மகளுக்காகப் பேசுவாரா, தம்பிக்காகப் பேசுவாரா? “நல்லாதான் இருக்கு” என்பதற்குப் பின்னால் இந்தச் சிக்கல் இருக்கலாம். “உங்க அம்மா உங்க பக்கம் நிக்கலையே” என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். அவர் உடனே அம்மாவுக்காக வாதாடத் தொடங்குவார். அடுத்த வாரம் வராமலும் போகலாம்.

வரைந்த தாளைக் கொடுத்தனுப்ப வேண்டாம், போனில் படமெடுக்கவும் வேண்டாம். ஒற்றை அறை வீட்டில் அதை ஒளித்துவைக்க இடமிருக்காது.

அடி, மிரட்டல் இருக்கிறதா என்பதை அவரைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும். இருந்தால் வரைபடத்தை ஓரம் வைத்துவிடுங்கள். கணவரையும் கூப்பிட்டு ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். இங்கே சொன்னதற்கு வீட்டில் அடி விழும். அன்றிரவு அவர் எங்கே தங்குவார் என்பதை முதலில் பேசுங்கள். பெண்கள் உதவி எண் 181-ஐ மனப்பாடமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பேசிய பிறகு அழைப்புப் பட்டியலில் அதை அழிக்கவும் காட்டிக்கொடுங்கள்.