வாசகர் கேள்வி – பதில்: மனத்தாங்கலோடு பார்க்கும் கொரியக் காதல் நாடகங்கள்

கேள்வி: நான் ஐம்பது வயதைக் கடந்த ஓர் இல்லத்தரசி. 2012ஆம் ஆண்டளவில் ரூபவாஹினியில் ‘சுஜாத தியணி’ என்ற பெயரில் சிங்கள ஒலிச்சேர்க்கையுடன் ஒளிபரப்பான கொரிய நாடகத்தை, சிங்களம் அரைகுறையாக விளங்கும் என் மாமியும் நானும் இரவுச் சமையலை முன்கூட்டியே முடித்துவிட்டு அமர்ந்து பார்த்த காலத்திலிருந்து இந்தப் பழக்கம் என்னைத் தொடர்கிறது. பின்னர் புதுயுகம் தொலைக்காட்சியின் தமிழ் ஒலிச்சேர்க்கையில் சில நாடகங்களைப் பார்த்தேன்; மகள் நெட்பிளிக்ஸைக் காட்டித் தந்த பிறகு பார்த்தவற்றுக்குக் கணக்கில்லை. 2022இல் மின்வெட்டு நீண்டுகொண்டே போன மாதங்களில், மின்சாரம் இருக்கும்போதே கைத்தொலைபேசியில் இறக்கி வைத்து இருட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் இப்போது பார்க்கப் பார்க்க எரிச்சல் வருகிறது. கதாநாயகன் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதும், அவன் எப்போதும் கோடீஸ்வர வீட்டுப் பிள்ளையாக இருப்பதும், இருவரும் சிறுவயதிலேயே சந்தித்தவர்கள் என்று நடுவில் தெரியவருவதும், பன்னிரண்டாம் அத்தியாயம் தாண்டியதும் ‘உன் நன்மைக்காகத்தான்’ என்று சொல்லிப் பிரிவதும் எனக்கு மனப்பாடம். என் மகளின் கையை ஒருவன் அப்படிப் பிடித்து இழுத்தால் நான் பொலிசுக்குப் போவேன். இருந்தும் புதிய நாடகம் வந்தால் வீட்டில் முதலில் அமர்வது நான்தான். என் ரசனை மழுங்கிவிட்டதா? இதை விட்டுவிட வேண்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ரசனை மழுங்கியவருக்கு எரிச்சல் வராது. ஆகவே அந்தக் கவலையை ஒதுக்கிவிடுங்கள். உங்கள் கடிதத்தை வாசித்தபோது, இந்த மனத்தாங்கலுக்கான விதை நீங்கள் முதலில் பார்த்த நாடகத்திலேயே இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

‘சுஜாத தியணி’யாக இங்கு வந்தது, தென்கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சி 2003–2004இல் ஒளிபரப்பிய ‘தே ஜங் கும்’ என்னும் 54 அத்தியாயத் தொடர். பதினாறாம் நூற்றாண்டில் ஜுங்ஜோங் மன்னரின் காலத்து அரச ஏடுகளில் குறிப்பிடப்படும் ஒரு பெண் மருத்துவரை அடியாகக்கொண்டு புனையப்பட்ட கதை அது. அரண்மனைச் சமையற்கூடத்தில் சிறுமியாகச் சேர்ந்து, நாவின் சுவையையும் கையின் பதத்தையும் கற்று, சூழ்ச்சியால் ஜேஜு தீவுக்குத் துரத்தப்பட்டு, அங்கே மருத்துவம் பயின்று, மன்னருக்கே வைத்தியம் பார்க்கும் நிலைக்கு உயர்ந்த ஒரு பெண்ணின் தொழில் வரலாறாகவே அதன் பெரும்பகுதி அமைந்திருந்தது. அவளை நேசித்த அதிகாரி அவள் வேலையைத் தடுக்காமல் பக்கத்தில் நடந்துவந்தார். கொழும்பில் உங்கள் வயதையொத்த பலர் இந்த வாசல் வழியாகத்தான் கொரிய நாடகங்களுக்குள் நுழைந்தார்கள். உள்ளே போன பிறகு உங்களுக்குக் கிடைத்தவற்றில் பல, வேலை செய்யும் பெண்ணைப் பற்றியவையாக இருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துச் செல்லப்படும் பெண்ணைப் பற்றியவையாக இருந்தன. ஏமாற்றம் வந்ததில் வியப்பில்லை.

காதல் நாடகம் என்றாலே அப்படித்தான் என்று சொல்வதற்கும் இல்லை. 2005இல் வந்த ‘மை லவ்லி சாம் சூன்’ நாடகத்தின் கதாநாயகி முப்பதை நெருங்கும், உடல் பருத்த, கேக் செய்வதைத் தொழிலாகக் கொண்ட ஒரு பெண். நத்தாருக்கு முந்தைய இரவில் காதலனின் துரோகத்தைக் கண்டுபிடித்து, ஹோட்டலின் ஆண்கள் கழிவறைக்குள் அமர்ந்து கண்மை வழிய அழுவதில் அவளது கதை தொடங்குகிறது. அவளுக்குக் கிடைப்பவனும் உணவகம் வைத்திருக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளைதான். ஆனால் அவன் வருவதற்கு முன்பும், இடையில் அவன் விலகியிருந்த காலத்திலும் அவள் மா பிசைந்துகொண்டே இருந்தாள். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து வந்த ‘போய்ஸ் ஓவர் பிளவர்ஸ்’ நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட அதில், சலவைக் கடைக்காரரின் மகளை ஒரு பெரும் நிறுவனத்தின் வாரிசு பாடசாலை முழுவதையும் ஏவிவிட்டுத் துன்புறுத்துகிறான்; பிறகு அவனே காதலனாகிறான். நம் பிள்ளைகள் அவனது சுருட்டைத் தலைமுடியில் மயங்கிக் கிடந்தபோது, நம்மில் எத்தனை பேர் அதைத் தட்டிக் கேட்டோம் என்று எனக்குத் தெரியவில்லை. மணிக்கட்டுப் பிடி அண்மைக்கால நாடகங்களில் குறைந்திருப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். கொரியப் பெண்களே அதை வன்முறை என்று வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கியதற்கு அதில் பங்குண்டு.

அப்படியானால் உங்களைத் திரும்பத் திரும்ப அமரவைப்பது எது? என் எண்ணத்தைச் சொல்ல ஒரு காட்சி போதும். 2019 டிசம்பரில் தொடங்கிய ‘கிராஷ் லாண்டிங் ஒன் யூ’ நாடகத்தில், காற்றில் அடித்துச் செல்லப்பட்டு வடகொரியாவில் விழுந்த தென்கொரியச் செல்வந்தப் பெண், தன்னை ஒளித்து வைத்திருக்கும் இராணுவ அதிகாரியிடம் வாசனை மெழுகுதிரி ஒன்று கேட்கிறாள். அப்படியொரு பொருளையே அறியாத அவர் சாதாரண மெழுகுதிரியைக் கொண்டுவருகிறார். பின்னர் ஓர் இரவு அவள் சந்தையின் நெரிசலில் வழி தவறித் திகைத்து நிற்கும்போது, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஒரு சிறு வெளிச்சம் தெரிகிறது. அதிகாரி மெழுகுதிரியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவளைத் தேடி வருகிறார். இந்த முறை அது வாசனை மெழுகுதிரி. காதல் என்று யாரும் வாய்திறக்கவில்லை, யாரும் யாரையும் தொடவுமில்லை. ஒருவர் போகிற போக்கில் சொன்னதை இன்னொருவர் மனத்தில் வைத்திருந்தார், அவ்வளவுதான். இந்த நாடகங்கள் மிகச் சிறப்பாகச் செய்வது இதைத்தான். யார் எதைச் சாப்பிடவில்லை, யாருக்கு எந்தச் செருப்புக் கடிக்கிறது, யார் குடை கொண்டுவரவில்லை என்பதையெல்லாம் ஒருவர் கவனிப்பதைப் பதினாறு அத்தியாயங்களுக்குச் சலிக்காமல் காட்டுகிறார்கள். கோடீஸ்வரப் பிள்ளையும் சிறுவயதுச் சந்திப்பும் அந்தக் கவனிப்பைத் தாங்கி நிற்கப் போடப்பட்ட சாரமரங்கள். உங்கள் எரிச்சல் முழுவதும் சாரமரங்களின் மீது. விருப்பம் முழுவதும் கவனிப்பின் மீது. ஒரே நாடகத்தில் இரண்டும் வருவதால் இரண்டு உணர்வும் சேர்ந்தே எழுகின்றன.

பன்னிரண்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு வரும் தொய்வுக்குத் தொழில்சார்ந்த காரணமும் உண்டு. வாரத்துக்கு இரண்டு அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல், என்பது கொரியத் தொலைக்காட்சிகளின் நெடுநாள் வழக்கம். முதல் சில அத்தியாயங்களை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிட்டு, எஞ்சியவற்றை ஒளிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே எழுதி, எழுதிய தாளின் மை காயுமுன் படம்பிடித்தார்கள். வரவேற்பு அதிகமானால் இடையில் நீட்டிப்பார்கள். ‘மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்’ இருபது அத்தியாயங்களாகத் திட்டமிடப்பட்டு இருபத்தொன்றாக முடிந்தது. அந்த அவசரத்தில் நேரத்தை நிரப்ப, காதலர்களைப் பிரிப்பதை விட மலிவான உத்தி கிடையாது: புதிய பாத்திரம் வேண்டாம், புதிய இடம் வேண்டாம், இருவரையும் இரு அறைகளில் அழவிட்டுப் பின்னணியில் பாட்டைப் போட்டால் அரை மணி நேரம் ஓடிவிடும். ஆனால் அவசரத்தை மட்டும் குறை சொல்லவும் முடியவில்லை. 2016இல் வந்த ‘டிசென்டன்ட்ஸ் ஒஃப் தி சன்’ ஒளிபரப்புக்கு முன்பே முழுவதும் எடுத்து முடிக்கப்பட்டது. அதிலும் கதாநாயகன் இறந்துவிட்டதாக நம்மை நம்பவைத்து அழவிட்டார்கள். தேவைக்காகத் தொடங்கியது பழக்கமாக நிலைத்துவிட்டது.

விட்டுவிட வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டியதில்லை, ஆனால் கடமைக்காகக் கடைசிவரை பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. சென்னையிலிருந்து வந்த ‘கோலங்கள்’ ஆயிரத்து ஐந்நூறு அத்தியாயங்களைத் தாண்டி ஓடியபோதும் எழுந்து போகாத தலைமுறை நாம். அந்தப் பொறுமையைப் பதினாறு அத்தியாயங்களிலேயே முடிந்துவிடும் நாடகத்தின் மீது செலுத்தி, ‘இவ்வளவு பார்த்துவிட்டோமே’ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோம். பிரிவு தொடங்கியதும் நிறுத்திவிட்டு இறுதி அத்தியாயத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் பார்த்துப் பாருங்கள். பெரும்பாலும் எதையும் இழந்திருக்க மாட்டீர்கள்.

கேள்வி: காதல் காட்சியின் உச்சத்தில் கூடப் பாத்திரங்கள் ஏதாவது ஒரு பானத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பது ஏன்?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: விளம்பரம்தான். 2010இல் தென்கொரியச் சட்டம் நாடகத்துக்குள்ளேயே பொருள்களைக் காட்டிக் கட்டணம் பெறுவதை முறைப்படி அனுமதித்தது. அதன் பிறகு பெருந்தொகைச் செலவில் ஒரு பகுதியை இப்படித்தான் ஈட்டுகிறார்கள். போர்க்களத்தில் நிற்கும் இராணுவ வீரர் சிவப்பு ஜின்செங் சாற்றுப் பொட்டலத்தை நிதானமாகக் கிழிப்பதைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். நம் சேவைகளில் காட்சியை நடுவில் வெட்டிச் சவர்க்கார விளம்பரம் போடுவதை விட இது மேலா, கீழா என்பதை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன்.

கேள்வி: எனக்கு வந்த மூன்று கலியாணப் பேச்சுகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொரிய நாடகம் பார்த்துத்தான் என் மனம் கெட்டுப்போயிற்று என்று அம்மா உறவினர் எல்லோரிடமும் சொல்கிறார். அது உண்மையாக இருக்குமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: நீங்கள் என்ன காரணத்துக்காக மறுத்தீர்கள் என்பதை எழுதவில்லை, விடை அதில்தான் இருக்கிறது. உயரம் போதாது, முகம் பளபளக்கவில்லை என்பது காரணமானால் அம்மாவின் பேச்சில் ஓரளவு நியாயம் உண்டு; அந்த முகங்களுக்குப் பின்னால் ஒப்பனைக் கலைஞர்களும் ஒளி அமைப்பாளர்களும் ஒரு படையாகவே நிற்கிறார்கள். பேச வந்தவர் ஒரு மணி நேரம் தன்னைப் பற்றியே பேசினார், உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை என்பது காரணமானால், அதற்கு நாடகம் தேவையில்லை, சாதாரணத் தன்மானமே போதும்.

இந்த நாடகங்களில் அடிக்கடி வரும் ஒரு காட்சியை அம்மாவுக்கும் காட்டுங்கள். பணக்கார மாமியார் கோப்பிக் கடையில் ஏழைப் பெண்ணின் முன்னால் ஒரு கடித உறையைத் தள்ளி, ‘இதை வைத்துக்கொண்டு என் மகனை விட்டுவிடு’ என்கிறார். அங்கே மகனைத் தராமல் இருக்கப் பணம் கொடுக்கிறார்கள். நம் ஊரில் மகனைத் தருவதற்குச் சீதனம் கேட்கிறார்கள். எந்த மாமியார் தேவலை என்று அம்மாவே சொல்லட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிம் உன்-சூக், பார்க் ஜி-உன் முதலிய பெண்களே எழுதி உலகத்துக்கு அனுப்பும் இந்தக் காதலர்கள், அந்த நாட்டுப் பெண்களுக்கே எளிதில் வாய்ப்பதில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான ஊதிய இடைவெளி செல்வந்த நாடுகளுக்குள் மிகப் பெரிதாக இருப்பது அங்கேதான். கலியாணமே வேண்டாம் என்று சொல்லும் இளம் பெண்கள் அங்கே பெருகியிருக்கிறார்கள். 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை என்ற அளவுக்கு அந்நாட்டின் பிறப்பு வீதம் இறங்கியது. பாத்திரம் கழுவித் தரும் கணவனைத் திரையில் எழுதுகிறவர்கள், இருப்பதை எழுதவில்லை. இருந்தால் நன்றாக இருக்குமே என்பதை எழுதுகிறார்கள். நீங்களும் அப்படியே எடுத்துக்கொண்டு பாருங்கள்.

கேள்வி: வேலைவாய்ப்புப் பணியகம் ஊடாகக் கொரியாவுக்குப் போய், ஒரு தொழிற்சாலையில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டுத் திரும்பியவன் நான். என் மனைவி பார்க்கும் நாடகங்களில் வரும் சியோலை நான் ஒரு நாளும் கண்டதில்லை. நான் சொல்வதை அவர் நம்புவதாகவும் இல்லை. இது எனக்கு ஒரு மனக்குறையாகவே இருக்கிறது.
– வாசகர், தெஹிவளை

பதில்: உங்கள் குறை நியாயமானது. தொழில் அனுமதித் திட்டத்தின் கீழ் 2004 முதல் நம் நாட்டவர் அங்கே போய் வார்ப்பாலைகளிலும் பண்ணைகளிலும் மீன்பிடிப் படகுகளிலும் உழைத்து வருகிறார்கள். காதல் நாடகங்களில் அவர்களுக்கு இடமே இல்லை எனலாம். இருந்தாலும் பின்னணியில் ஒரு கணம் கடந்துபோகும் முகமாகவே இருக்கும். கதாநாயகன் இயக்குநராக வீற்றிருக்கும் நிறுவனத்தின் பொருள்களை யார் செய்கிறார்கள் என்று எந்த அத்தியாயமும் கேட்பதில்லை. அதைக் கேட்கும் தகுதி உங்கள் வீட்டில் உங்களுக்கு இருக்கிறது. ஆனால் மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே கேட்காதீர்கள். எந்த வீட்டிலும் அது சண்டையில்தான் முடியும்.

அதற்குப் பதிலாக 2022இல் வந்த ‘மை லிபரேஷன் நோட்ஸ்’ நாடகத்தை இருவரும் சேர்ந்து பாருங்கள். சியோலுக்கு வெளியே, கியோங்கி மாகாணத்து ஊரொன்றில் வாழும் இரண்டு சகோதரிகளும் ஒரு சகோதரனும் நாள்தோறும் இரயிலிலும் பேருந்திலும் இடிபட்டு வேலைக்குப் போய், இரவில் களைத்துத் திரும்புகிறார்கள். தந்தை சமையலறைத் தொட்டிகள் செய்யும் சிறு பட்டறையும் கொஞ்சம் தோட்டமும் வைத்திருக்கிறார். பிள்ளைகள் விடுமுறை நாளில் வெயிலில் குனிந்து தோட்ட வேலை செய்கிறார்கள். அங்கே கூலிக்கு வந்திருக்கும், அதிகம் பேசாத, மதுவுக்கு அடிமையான ஒருவர்தான் காதலன். பட்டறையின் இரைச்சலையும், வேலை முடிந்து எவரும் எதுவும் பேசாமல் சாப்பிடும் மேசையையும் பார்க்கும்போது உங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும். முதல் இரண்டு அத்தியாயங்களில் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது. உங்கள் மனைவி எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.