கடலோர மொட்டை மாடிக்கு எந்த ஷீட் தாங்கும்?

கேள்வி: திருவொற்றியூரில், கடலை ஒட்டிய எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே வீடு. மொட்டை மாடியில் 20-க்கு 12 அடி அறைக்குப் போட்ட ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஷீட் நாலே வருடத்தில் துருப்பிடித்து ஒழுகுகிறது. இனி எதைப் போட்டால் நீடித்து உழைக்கும்?

பழைய ஷீட்டைக் கழற்றும்போது துரு எங்கே ஆரம்பித்திருக்கிறது என்று பாருங்கள். நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். ஸ்க்ரூ தலையைச் சுற்றி, வெட்டிய ஓரத்தில், ஷீட்டின்மேல் ஷீட் ஏறும் இடத்தில், மழை படாத தாழ்வார அடிப்பக்கத்தில்தான் பொத்தல் விழுந்திருக்கும். மேலே படியும் உப்பை மழை கழுவிவிடும். அடியில் படிந்தது அங்கேயே உட்கார்ந்து ராத்திரி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எண்ணூர், மணலிப் பக்கத்துச் சாம்பலும் புகைக்கரியும் அதோடு சேர்ந்தால் இன்னும் வேகம். அதனால் ஷீட்டை மட்டும் மாற்றிவிட்டு அதே ஸ்க்ரூ, அதே பைப் என்று விட்டால் திரும்பவும் இதே கதைதான்.

உங்கள் தூரத்துக்கு நான் சொல்வது 0.71 மி.மீ. அலுமினிய ஷீட். விலை கூடுதல்தான், ஆனால் பூச்சு போய் உள்ளே இரும்பு தெரியும் பேச்சே இல்லை. கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கொடுங்கையூர், பெரம்பூர் மாதிரி இடமென்றால் கலர் பூசிய கால்வால்யூமே போதும், அதுவும் பூச்சுள்ள இரும்பு ஷீட்தான். அதன் பூச்சில் எடைக்கணக்கில் 55% அலுமினியம், சுமார் 43% துத்தநாகம், மீதி சிலிக்கான். வெறும் துத்தநாகம் பூசிய ஜிஐயைவிட உப்புக்காற்றை நன்றாகவே தாங்கும்.

கால்வால்யூம் வாங்கினால் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவது, ஏஇசட் எவ்வளவு? ஏஇசட்150 என்றால் சதுர மீட்டருக்கு இருபக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு. ஏஇசட்70-உம் அதே கலரில், அதே பளபளப்பில்தான் கிடைக்கும்; கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பில்லில் எழுதி வாங்குங்கள். இரண்டாவது, ஷீட்டுக்குச் சொல்லும் '0.50' மி.மீ. என்பது வெறும் இரும்பின் கனமா, பூச்சும் பெயிண்டும் சேர்ந்த கனமா? சேர்த்துச் சொன்னால் உள்ளே இரும்பு 0.43 மி.மீ. அளவுக்குத்தான். சந்தேகமென்றால் தராசில் வையுங்கள்: 1220 மி.மீ. அகலக் காயிலில் அடித்த 14 அடி ஷீட் 18 கிலோவுக்குக் கீழே வந்தால் கனம் குறைவு. அலுமினியத்தில் அதே அளவு 10 கிலோ வரும். வாரண்டி அட்டையில் கடற்கரைத் தூரம் பற்றிய விதிவிலக்கு இருக்கிறதா என்றும் படியுங்கள். அது பொடி எழுத்தில்தான் இருக்கும்.

உங்கள் அறைக்குக் கணக்கு இப்படி வரும். 12 அடிக்கு முன்னும் பின்னும் ஒரு அடி தாழ்வாரம் விட்டால் 14 அடி ஷீட். 20 அடிக்கு இருபக்கமும் ஒரு அடி விட்டால் அகலம் 22 அடி. ஒரு ஷீட் ஏறக்குறைய ஒரு மீட்டர் மூடும் என்பதால் 7 ஷீட். 12 அடிக்கு ஒன்றரை அடி சாய்வு கொடுங்கள். ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப்தான் பர்லின்; 3 அடிக்கு ஒன்று என்று 5 பர்லின். ஷீட் ஒரே நீளத்தில் வருவதால் குறுக்கே ஒட்டு இருக்காது, ஒழுகும் இடம் ஒன்று குறையும். ஓரப் பர்லின் இரண்டிலும் ஷீட்டின் எல்லா மேட்டிலும் ஸ்க்ரூ, நடுவில் உள்ள மூன்றிலும் ஒரு மேடு விட்டு ஒரு மேடு, பக்கவாட்டில் ஷீட்டின்மேல் ஷீட் ஏறும் இடத்தில் ஒன்றரை அடிக்கு ஒரு குட்டை ஸ்க்ரூ. ஷீட்டுக்கு ஐந்து மேடு என்று வைத்தால் 190 ஸ்க்ரூ ஆகும், 200-க்கு மேல் வாங்கிவிடுங்கள். ஸ்க்ரூ மேட்டில்தான் இறங்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. 28 மி.மீ. மேட்டுக்கு 55 மி.மீ. நீளம் வேண்டும்.

ஸ்க்ரூ விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாரிமுனைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் பூச்சு ஸ்க்ரூ கடலோரத்தில் இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிது. அலுமினிய ஷீட்டுக்கு எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூ, கண்டிப்பாக ஈபிடிஎம் ரப்பர் வாஷரோடு. முழு 304 இரும்புப் பைப்பைத் துளைக்காது, முனை மழுங்கிவிடும். நுனி மட்டும் கடின இரும்பாக இருக்கும் பைமெட்டல் ஸ்க்ரூ கேளுங்கள், இல்லையென்றால் முதலில் டிரில் போட்டுக்கொள்ளுங்கள். கால்வால்யூமுக்கு மட்டும் எஸ்எஸ் வேண்டாம். உப்பு ஈரத்தில் சுற்றியுள்ள பூச்சை அது கரைக்கும். அதற்கு கனமாகப் பூசிய கடலோர வகை ஸ்க்ரூதான். வாஷர் பிதுங்கும்வரை முறுக்காதீர்கள். ரப்பர் லேசாக அமுங்கினால் போதும்.

அலுமினியம் இரும்புப் பைப்பை நேராகத் தொடவும் கூடாது. பர்லின் மேல் ரப்பர் டேப் ஒட்டிவிடுங்கள். ஈரச் சிமெண்டும் அலுமினியத்தை அரிக்கும், எனவே கைப்பிடிச் சுவர் ஓரத்தை கலவையால் அடைக்காமல் பிளாஷிங் (இடைவெளியை மூடும் தகடு) மடக்கிப் போடுங்கள். ஏசி தண்ணீர்க் குழாயை ஷீட்மேல் விடாதீர்கள்: செம்புக் காயிலைத் தொட்டு வரும் அந்தத் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும். கிரைண்டரால் வெட்டினால் பறக்கும் பொறி ஒவ்வொன்றும் ஷீட்டில் ஒட்டித் துருப்புள்ளி ஆகும். தகடு வெட்டும் கத்தரியோ நிப்ளரோ போதும், டிரில் தூளையும் அன்றே பெருக்கிவிட வேண்டும்.

அடுத்தது காற்று. இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875-இன் மூன்றாம் பகுதி சென்னைக்குக் காட்டும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம். உங்கள் கூரை 28 சதுர மீட்டருக்கு மேல், ஆக மேலே தூக்கும் விசை நாலு டன் அளவுக்கு வரும். இரும்பு ஷீட் ஏழும் சேர்ந்தே 130 கிலோதான், அலுமினியம் 70. செங்கல்லும் பழைய டயரும் மேலே வைப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது என்பதை 2016 டிசம்பரில் வர்தா புயல் காட்டியது. அவை தெருவில் போகிறவர் தலையில்தான் விழும். கூரையைத் தாங்கும் கால் ஒவ்வொன்றையும் பீம் இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்தி, தட்டோட்டையும் (மாடித் தரை ஓடு) அதன் கீழ் சுருக்கியையும் (சுண்ணாம்புக் கலவை) வெட்டி, கான்கிரீட்டில் 12 மி.மீ. ஆங்கர் போல்ட் நான்கு இறக்குங்கள். தட்டோட்டின் மேலேயே தகடு வைத்து முடுக்கினால் போல்ட் சுருக்கியில்தான் பிடித்திருக்கும். இழுத்தால் கையோடு வரும். வெட்டிய இடத்தை நீர்புகாக் கலவையால் மூடாவிட்டால் கீழ்வீட்டு சீலிங் ஊறும்.

பைப் 2 மி.மீ. ஜிஐ எடுங்கள். வெல்டிங் போட்ட இடத்தில் துத்தநாகம் எரிந்துவிடும், அங்கே தேய்த்துச் சுத்தம் செய்து ஜிங்க் பிரைமர், மேலே எபாக்ஸி பெயிண்ட். பைப் வாயைத் தகடு வைத்து அடைத்துவிடுங்கள்.

யூபிவிசி (பிளாஸ்டிக்) ஷீட் துருப்பிடிக்காது, மழைச் சத்தமும் குறைவு. ஆனால் 4 மீட்டர் ஷீட் காலைக்கும் மத்தியானத்துக்கும் 8 மி.மீ. வரை நீளும், துளையைப் பெரிதாகப் போடாவிட்டால் ஸ்க்ரூ பக்கத்தில் விரியும். பர்லினும் 2 அடிக்கு ஒன்று வேண்டும். சமையலறைக்கு மேலே போடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸை உப்பு ஒன்றும் செய்யாது என்பது உண்மைதான். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது என்பதும் உண்மை, புதிதாகப் போட வேண்டியதில்லை.

சூட்டுக்கு வெள்ளை நிற ஷீட், அடியில் பளபளப்பான ஃபாயில் தாள் ஒட்டிய 10 மி.மீ. ஃபோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் ஹோஸால் தாழ்வார அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், ஸ்க்ரூ தலைகளையும் அப்போதே பார்த்துவிடலாம்.